வெல்டா அத்தை தேர்ந்தெடுத்த லீவர் துப்பாக்கி

எங்க வெல்டா அத்தை பள்ளிக்கூடச் சமையல்கட்டுல வேலை பாக்குறாங்க. எங்க ஊர்ல முப்பது வயசுக்குக் கீழ இருக்கிற அத்தனை பேரும் அவங்க போட்ட சோளரொட்டியத் தின்னு வளந்தவங்கதான், நானும் சேத்து. வரிசையில நிக்கிற எவனாவது "எனக்கு பீன்ஸ் வேணாம்"னா கரண்டி நிக்காது. "வேணாங்கிறது உன் வேலை, போடுறது என் வேலை. நகரு"ம்பாங்க. குரல ஏத்தவே மாட்டாங்க. அந்தக் கரண்டிக்கு எதிரா வாதாடி ஜெயிச்சவன் எங்க வட்டாரத்துலயே கிடையாது.

ஒஹையோவோட தென்கிழக்கு மூலையில எங்க மலை. நவம்பர்ல நன்றித் திருநாள் வான்கோழி விருந்து முடிஞ்சு வர்ற திங்கக்கிழமை மான் சீசன் தொடங்கும். அன்னிக்குப் பள்ளிக்கூடமே லீவு. தொறந்தாலும் யார் வரப்போறா? எங்க ப்ரூயிட் குடும்பத்துல விரட்டு வேட்டைதான் வழக்கம். பாதிப் பேரு பள்ளத்தோட அடியிலேர்ந்து சத்தம் போட்டுக்கிட்டு மேல ஏறுவோம். மிச்சப் பேரு ஆளுக்கொரு இடத்துல துப்பாக்கியோட நிப்பாங்க. பள்ளத்தோட தலையில ஒரு பாறை மேடு இருக்கு. தப்பிச்சு வர்ற மான் அத்தனையும் அங்க வந்துதான் தீரணும். அந்த எடம் வெல்டா அத்தையோடது. யாரும் பாவம் பாத்துக் குடுக்கல. கல்யாணமாகி வந்த ரெண்டாவது வருஷமே, ப்ரூயிட் ஆம்பளைங்க அத்தனை பேரையும் விட நல்லா சுட்டதால வந்த எடம்.

போன வருஷம்தான் அது கெட்டுது. எங்க மாநிலத்துல பெரிய ரைஃபிள் தோட்டாவ மானுக்குப் போடக்கூடாது. அதனால எல்லாரும் ரொம்ப காலமா ஷாட்கன்ல கட்டைவிரல் தண்டி ஈயக்குண்டு போட்டுத்தான் சுட்டோம். அது கழுதை உதைக்கிற மாதிரி உதைக்கும். வருஷக்கணக்கா சூப் அண்டா தூக்கின தோளு அத்தையோடது, போன வருஷம் வசந்தத்துல ஆபரேஷன் வேற. நவம்பர்ல பாறை மேட்டுலேர்ந்து ஒரு பெண்மானச் சுட்டாங்க. மான் விழல. இலை மேல ரத்தம் மட்டும் இருந்துச்சு. இருட்டுற வரைக்கும் தேடினோம், கிடைக்கல. அந்த வாரம் முழுக்க சாயங்காலம் வேலை முடிஞ்சதும் அத்தை தனியா போய்த் தேடினாங்க. கடைசியில காக்கா கூட்டத்தப் பாத்துக் கண்டுபிடிச்சாங்க. அந்த வருஷம் அவங்க வீட்டுல மான்கறி சமைக்கவே இல்ல. நாங்க குடுத்தனுப்பினதும் அப்படியே திரும்பி வந்துச்சு.

இந்த ஆகஸ்ட்ல டெல்மர் மாமா வீட்டுல சோளம் வேகவெச்சு எல்லாரும் உக்காந்திருந்தோம். அத்தையோட வீட்டுக்காரர் ஹார்லன் மாமாவோட தம்பிதான் டெல்மர் மாமா. என் அம்மாவுக்கு ரெண்டு பேருமே அண்ணனுங்க. டெல்மர் மாமா ஒரு விஷயம் பேசணும்னா முதல்ல மூக்கு பேசும், அப்புறம்தான் வாய்.

"ஹ்ஹ்ம்ம். அண்ணி, தப்பா நினைக்கக்கூடாது. இந்தத் தடவை பாறை மேட்டுல என் பொண்ணக் கட்டின மருமகன நிறுத்தலாம்னு பாக்குறேன். உங்க தோளுக்கும் கொஞ்சம் ஓய்வு."

"என் தோளு உன்கிட்ட லீவு கேட்டுச்சா டெல்மர்?"

"அதுக்கில்ல அண்ணி. போன வருஷம் நடந்தத..."

"நடந்தது எனக்குத் தெரியும். சோளம் ஆறுது, தின்னு."

ஹார்லன் மாமா எங்க இருந்தாருன்னு கேக்குறீங்களா? அங்கதான் இருந்தாரு. அவரு கல்யாணத்தன்னிக்கு "சம்மதம்"னு சொன்னதோட பேச்சு தீந்துபோச்சுன்னு ஊர்ல சொல்வாங்க. இப்ப அவர்கிட்ட இருக்கிறது ஒரே சொல்லு. "ம்ம்." அதையே ஏத்தி எறக்கி ஒரு குடும்பத்த நடத்திட்டாரு.

திரும்பி வரும்போது அத்தை என் வண்டியில வந்தாங்க. நான் டெல்மர் மாமா மாதிரியே மூக்கால "ஹ்ஹ்ம்ம், அண்ணி"ன்னு ஆரம்பிச்சேன். அவங்க சிரிக்கல.

"டேய் ரஸ். அவன் சொன்னது தப்பில்லடா. அதான் எரிச்சலா இருக்கு."

"அப்ப விட்டுடப் போறீங்களா?"

"சுத்தமா சுட முடியும்னா நிப்பேன். முடியாதுன்னா நானே எறங்கிடுவேன். ஆனா அத அவன் சொல்லக்கூடாது. நான் பாத்து, நான் சொல்லணும்."

அப்பதான் லீவர் துப்பாக்கிப் பேச்சு வந்துச்சு. கைத்துப்பாக்கியில போடுற தோட்டாவ ரைஃபிள்ல போட்டு மான் சுடலாம்னு எங்க மாநிலத்துல சில வருஷம் முன்னாடி அனுமதிச்சுட்டாங்க. அதுலேர்ந்து ஊர்ல பாதிப் பேரு ஷாட்கன மூலையில சாத்திட்டு, கீழ இருக்கிற வளையத்த எறக்கி ஏத்தித் தோட்டா மாத்துற லீவர் துப்பாக்கிக்கு மாறிட்டாங்க. மாறினவங்க எல்லாரும் ஒரே தப்பத்தான் பண்ணினாங்க. ஈயக்குண்டுலயே பழகின ஊரு இல்லையா? உதைச்சாத்தான் மான் சாகும்னு நினைப்பு. அதனால அத்தனை பேரும் நாப்பத்திநாலு மேக்னம்ங்கிற பெரிய தோட்டா போடுறதத்தான் வாங்கினாங்க.

டெல்மர் மாமாகிட்டயும் ஒண்ணு இருந்துச்சு. சமாதானத்துக்கு அதையே தூக்கிட்டு வந்தாரு. குட்டையா, லேசா, அழகா இருந்துச்சு.

"சுட்டுப் பாருங்க அண்ணி. பொம்பளைங்களுக்குன்னே செஞ்ச மாதிரி லேசு. நாப்பத்திநாலு. மான் நின்ன எடத்துலயே உக்காந்துடும்."

கொட்டகைக்குப் பின்னாடி ஒரு பேப்பர் தட்ட நட்டு வெச்சோம். எங்க பக்கம் அதுதான் அளவு. மானோட உயிர்நிலை அந்தத் தட்டு அகலம்தான் இருக்கும். அத்தை முதல் தோட்டாவ சுட்டாங்க. தட்டு ஓரத்துல ஓட்டை. ரெண்டாவது தட்டுக்கு வெளிய. மூணாவது தட்டுக்கு ரொம்ப முன்னாடி மண்ணக் கிளப்பிடுச்சு. துப்பாக்கிய எறக்கி டெல்மர் மாமா கையில குடுத்துட்டு, அந்தக் கையாலயே தோளப் புடிச்சுக்கிட்டாங்க.

"லேசா இருக்கிறதுதான்டா கெடுதல்"ன்னாங்க. "சின்னச் சட்டியில நிறைய கொதிக்க வெச்சா மூடி ஆடும். கனத்த அண்டாவுல ஆடுமா? இந்த உதை வேற எங்க போகும், என் தோளத் தவிர?"

டெல்மர் மாமாவோட மூக்கு பேசத் தயாராச்சு. ஹார்லன் மாமா "ம்ம்"ன்னாரு. மூக்கு அடங்கிடுச்சு.

அடுத்த சனிக்கிழமை வெர்ன் கடைக்குப் போனோம். முன்பக்கம் ஆணி, பெயிண்ட், கோழித்தீவனம். பின்பக்கம் துப்பாக்கி. வெர்னும் அத்தையும் ஒரே கிளாஸ்ல படிச்சவங்க. வெர்ன் ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னாடி பல்லு வழியா காத்த இழுப்பாரு, என்னமோ வாயில சுடுகிழங்கு இருக்கிற மாதிரி.

"ஸ்ஸ்... வெல்டா. உனக்கு நாப்பத்திநாலுதான் சரி."

"நீ என் தோள எப்ப பாத்த?"

"ஸ்ஸ்... ஊர்ல எல்லாரும் அதான் வாங்குறாங்க."

"ஊர்ல எல்லாரும் பீன்ஸ் வேணாம்ங்கிறான். நான் கேட்டேனா? முன்னூத்தம்பத்தேழு என்ன இருக்கு, எடு."

அது நாப்பத்திநாலுக்கு அடுத்த சின்னத் தோட்டா. வெர்ன் முகம் சுருங்கிடுச்சு. "ஸ்ஸ்... அது கைத்துப்பாக்கிக்குச் சரி. மானுக்குன்னா கிட்டத்துல போனாத்தான்."

"கைத்துப்பாக்கிக் குழல் ஒரு சாண். இது முழத்துக்கு மேல. தோட்டா அதேதான், வேகம் புடிக்க எடம் கூடுதல். கிட்டத்துலதான்னா கிட்டத்துலயே சுட்டுக்கிறேன். அதுவுமில்லாம, இன்னும் சின்ன முப்பத்தெட்டுத் தோட்டா இதுக்குள்ள போகும்ல?"

"போகும்."

"அது உதைக்காது. மலிவு. பழகுறதுக்கு அதப் போட்டுக்கிறேன். தோட்டா வாங்க முடியாதவனுக்கு எந்தத் துப்பாக்கி இருந்து என்ன?"

வெர்ன் மூணு கம்பெனி செஞ்சத எடுத்து வெச்சாரு. முதல்ல இத்தாலிக்காரன் செஞ்சது. பாத்ததும் நான் காதலிச்சுட்டேன். மரம் கண்ணாடி மாதிரி, தோள்ல வைக்கிற முனை பித்தளையில பிறை மாதிரி வளைஞ்சிருக்கு. அத்தை தோள்ல வெச்சாங்க, உடனே எடுத்தாங்க. "இது தசையில உக்காரல, எலும்புல உக்காருது. செஞ்சவனுக்கு தோள் ஆபரேஷன் ஆகல போல." அடுத்தது நம்ம நாட்டுக்காரன் செஞ்சது. லீவர் வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போச்சு. விலைச்சீட்டத் திருப்பிப் பாத்தாங்க, மெதுவா திரும்பத் தொங்கவிட்டாங்க. "நல்லா இருக்கு வெர்ன். இத யாராவது டாக்டருக்கு வித்துடு."

மூணாவது பிரேசில்காரன் செஞ்சது. மரத்துக்கு நிறமும் இல்ல பளபளப்பும் இல்ல. லீவர் கரகரன்னுச்சு. வெர்னே கொஞ்சம் கூச்சமா தள்ளி வெச்சாரு. ஆனா தோள் முனை தட்டையா, அகலமா இருந்துச்சு. அதுலயே ரெண்டு இருந்துச்சு, குட்டைக் குழல் ஒண்ணு, நீளக் குழல் ஒண்ணு. அத்தை குட்டையத் தொடவே இல்ல. கைப்பையிலேர்ந்து வேலைக் கையுறைய எடுத்து மாட்டிக்கிட்டு, நீளத்தோட லீவர் வளையத்துல விரல விட்டுப் பாத்தாங்க. நவம்பர் குளிர்ல வெறுங்கையோட யாரு நிப்பா? அப்புறம் தோட்டாவத் தட்டுற சுத்தியலப் பெருவிரலால பின்னாடி இழுத்துப் பாத்தாங்க. கண்ணாடிய மூக்குல ஏத்தி, கடைக்கோடியில இருந்த பெயிண்ட் டப்பாவ முன்குறியில வெச்சுப் பாத்தாங்க. அதுக்கப்புறம் லீவர எறக்கி, ஏத்தி, எறக்கி, ஏத்தி. கடையில தீவனம் வாங்க வந்தவங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

"ஸ்ஸ்... வெல்டா, வாங்குறதுக்கு முன்னாடியே தேச்சுடாத."

"தேய்ஞ்சா சரியாகுதான்னு பாக்குறேன். ஆகுது. கரகரப்பு வேலைப்பாட்டுலதான், உள்ள கோளாறில்ல. இத எடுத்துக்கிறேன். ரப்பர் மெத்தை ஒண்ணும் குடு, முனையில மாட்ட."

வண்டியில வரும்போது, "இருக்கிறதுலயே அசிங்கமானதப் பாத்து எடுத்தீங்களே அத்தை"ன்னேன்.

"மான் அதையா பாக்கப்போவுது?"

அன்னிக்குச் சாயங்காலமே ஹார்லன் மாமா அத சமையலறை மேஜையில பிரிச்சுப் போட்டாரு. தோட்டா நுழையிற வாய்ல இரும்பு விளிம்பு கூர்மையா விரலக் கிழிக்கிற மாதிரி இருந்துச்சு. பொடி உப்புத்தாள வெச்சு மழுக்கினாரு. உள்ள உரசுற இடமெல்லாம் தேச்சு எண்ணெய் போட்டாரு. அத்தை லீவர எறக்கிப் பாத்துட்டு, "இப்ப நம்ம நாட்டுக்காரன் மாதிரியே இருக்கே"ன்னாங்க. மாமா "ம்ம்"ன்னாரு. அது ஒசந்த "ம்ம்".

முப்பத்தெட்டுத் தோட்டா போட்டுச் சுட்டப்போ எல்லாருக்கும் சந்தோஷம். சத்தம் கைதட்டுற மாதிரிதான் இருந்துச்சு. தட்டு நடுவுல ஓட்டை மேல ஓட்டை. நான் வெர்ன் மாதிரி பல்லுல காத்திழுத்து, "ஸ்ஸ்... வெல்டா, உனக்கு நாப்பத்திநாலுதான் சரி"ன்னேன். இந்தத் தடவை அத்தை சிரிச்சாங்க.

அப்ப ஹார்லன் மாமா துப்பாக்கிய வாங்கி, முதுகத் திருப்பிக்கிட்டு அவரே தோட்டா நிரப்பினாரு. நாங்க ஒண்ணும் நினைக்கல. அத்தை ஒண்ணு சுட்டாங்க, தட்டுல விழுந்துச்சு. அடுத்ததுக்கு விசைய அழுத்தினாங்க. "டக்."

வெடிக்கல. ஆனா குழல் முனை படக்குன்னு கீழ குனிஞ்சுது. கண்ணும் இறுக்கி மூடியிருந்துச்சு. மருந்தே இல்லாத பொய்த் தோட்டாவ மாமா நடுவுல செருகியிருக்காரு.

நான் சிரிச்சுட்டேன். அப்புறம் அத்தை முகத்தப் பாத்து நிறுத்திட்டேன். அவங்க துப்பாக்கிய எறக்காம அப்படியே நின்னாங்க.

"ஒண்ணுமே உதைக்கலையே"ன்னாங்க, யாருக்கோ சொல்ற மாதிரி. "உதைக்காததுக்கே நான் குனியிறேன்."

அதுதான் விஷயம். போன வருஷம் பெண்மானுக்கு வயித்துல பட்டது தோளால இல்ல. வெடிக்கப்போவுதுன்னு உடம்பு முன்கூட்டியே சுருங்கிக்குது. நல்ல துப்பாக்கி வாங்கினா தீந்துடும்னு நாங்க நினைச்சோம். சொல்லப்போனா துப்பாக்கி நல்லா இருந்ததாலதான் அது அவ்வளவு தெளிவாத் தெரிஞ்சுது. நாப்பத்திநாலு ஆட்டுற ஆட்டத்துல எது உதை, எது பயம்னு யாரு பிரிச்சுப் பாக்க முடியும்?

"எப்பலேர்ந்து தெரியும்?"ன்னு மாமாவக் கேட்டாங்க.

அன்னிக்கு மாமா வாயத் தொறந்தாரு. "போன வருஷத்துலேர்ந்து"ன்னாரு.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பமாட்ட."

அத்தை துப்பாக்கிய எறக்கினாங்க. அப்புறம் என்னப் பாத்து, "சிரிச்சல்ல? இந்தா, நீ சுடு. ஹார்லன், இவனுக்கும் போடு"ன்னாங்க. எனக்கும் குனிஞ்சுது. அவங்கள விட அதிகமாவே குனிஞ்சுது. இத நான் ஊர்ல வேற யார் குரல்லயும் சொல்லிக் காட்டல.

செப்டம்பர், அக்டோபர் பூரா சாயங்காலத்துல கொட்டகைக்குப் பின்னாடி அந்தக் கைதட்டுச் சத்தம் கேக்கும். மாமா முதுகத் திருப்பி நிரப்புவாரு. பொய்த் தோட்டா எங்க இருக்குன்னு அத்தைக்குத் தெரியாது. நிறைய சுடமாட்டாங்க. ஒரு டப்பாவுல கொஞ்சம் எடுப்பாங்க, குழல் குனிஞ்சா அன்னிக்கு நிறுத்திடுவாங்க. கோபத்தோட பழகினா கோபம்தான் பழகும்னு அவங்க எண்ணம். மெல்ல மெல்ல "டக்"குன்னு விழுந்தா குழல் அசையாம நிக்க ஆரம்பிச்சுது. அப்புறம்தான் முன்னூத்தம்பத்தேழு போட்டாங்க. அதுலயும் நின்னுச்சு. தட்ட தள்ளித் தள்ளி நட்டாங்க. வால்நட் மரம் வரைக்கும், அது ஒரு எழுபது கெஜம் இருக்கும், எல்லாத் தோட்டாவும் தட்டுலதான். அதுக்கு மேல போனா நாலுல ஒண்ணு வெளிய.

"சரி. வால்நட் மரத்தோட நிறுத்திக்கணும்"ன்னாங்க. துணி அளக்குற மாதிரி சாதாரணமா.

திங்கக்கிழமை வந்துச்சு. விடிகாலையில எல்லாரும் ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கிட்டு நின்னோம். டெல்மர் மாமா அத்தையோட துப்பாக்கியப் பாத்து, "ஹ்ஹ்ம்ம், இதுல அணில் சுடலாம் அண்ணி"ன்னாரு. "அணில் வந்தா உனக்குச் சொல்லியனுப்புறேன்"னு சொல்லிட்டு அத்தை பாறை மேட்டுக்கு ஏறிப் போயிட்டாங்க. நானும் மத்தவங்களும் பள்ளத்தோட அடியிலேர்ந்து நாய் மாதிரி குலைச்சுக்கிட்டு ஊளையிட்டுக்கிட்டு ஏறினோம்.

நான் கண்ணால பாத்தேன். நல்ல கொம்பு மான் ஒண்ணு, புதர்லேர்ந்து கிளம்பி பாறை மேட்டுக்கே ஓடுச்சு. அத்தைக்கு முன்னாடி கிட்டத்துலயே, முப்பது கெஜம்கூட இருக்காது, தாவித் தாவிப் போச்சு. துப்பாக்கி தோளுக்குப் போச்சு, மான் கூடவே திரும்புச்சு. நான் காதுல விரல வெச்சுக்கிட்டேன். சத்தமே வரல. மான் முகடு தாண்டிப் போயிடுச்சு.

டெல்மர் மாமா மூச்சு வாங்கிக்கிட்டு வந்தாரு. "அண்ணி, அது எங்க அப்பா காலத்துக்கு அப்புறம் நான் பாத்த பெரிய கொம்பு. என்னாச்சு, துப்பாக்கி சிக்கிக்கிச்சா?"

"சிக்கல."

"அப்புறம்?"

"ஓடுச்சு டெல்மர். நின்னா எனக்குச் சுடத் தெரியும். ஓடினா எங்க படும்னு இப்ப எனக்குத் தெரியல."

"ஓடாம நடந்தா வரும்? நாங்க இத்தனை பேரு விரட்டுறோம்ல."

"ஆமா. அதான் சொல்றேன். இது ஓடுற மானச் சுடுறவங்க நிக்கிற எடம்." லீவர எறக்கி ஒவ்வொரு தோட்டாவா வெளிய எடுத்து சட்டைப் பையில போட்டுக்கிட்டாங்க. "உன் மருமகன மேல வரச் சொல்லு."

டெல்மர் மாமாவுக்கு ஜெயிச்ச மாதிரியும் இருந்துச்சு, இல்லாத மாதிரியும் இருந்துச்சு. "அண்ணி, நான் அன்னிக்குச் சொன்னத மனசுல வெச்சுக்கிட்டு..."

"நீ சொன்னதுக்காக இல்ல. நீ சொன்னப்போ நான் எறங்கினேனா?"

எறங்கும்போது அத்தை கைய டெல்மர் மாமாவே புடிச்சுக்கிட்டாரு, வழுக்குற எடத்துல. அத்தையும் கைய உருவிக்கல.

நான் கூட நடந்தேன். எனக்கு மனசு கேக்கல. "அத்தை, அந்த எடத்துக்காகத்தான இவ்வளவும் பண்ணினீங்க?"

"அதுக்காகத்தான் ஆரம்பிச்சேன்"னாங்க. கொஞ்ச தூரம் போய், "நல்ல எடம்டா அது"ன்னாங்க.

வியாழக்கிழமை பள்ளிக்கூட வேலை முடிஞ்சதும், வீட்டுக்குப் பின்னாடி இடிஞ்ச வேலியோரம் ஒரு வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்திருக்காங்க. வேலிக்கு அந்தப் பக்கம் பழைய ஆப்பிள் மரம், மான் விழுந்த பழத்துக்கு நடந்தே வர்ற எடம். பொழுது சாயிற நேரத்துல எனக்கு போன் வந்துச்சு.

"வேலைய முடிச்சுட்டியா? ஒரு கயிறு எடுத்துக்கிட்டு வா."

போனேன். பெண்மான் ஒண்ணு, சுட்ட எடத்துலேர்ந்து பத்துப் பன்னெண்டு எட்டு தள்ளி, படுத்துத் தூங்குற மாதிரி கிடந்துச்சு. அத்தை பக்கத்துல மண்டி போட்டு, கையுறையக் கழட்டிட்டு, முன்னங்காலுக்குப் பின்னாடி முடிய ஒதுக்கி ஓட்டையப் பாத்துக்கிட்டிருந்தாங்க. ரொம்ப நேரமா பாத்துக்கிட்டிருந்திருக்காங்க போல. விரல் நுனி சிவந்திருந்துச்சு.

"எங்க குறி வெச்சேனோ அங்கயேதான்டா பட்டிருக்கு"ன்னாங்க.

"டெல்மர் மாமாவுக்கு போன் போடட்டுமா?"

"வேணாம். கால்ல கயிறக் கட்டு. இருட்டுறதுக்குள்ள கொட்டகைக்கு இழுத்துடணும்." எழுந்திரிக்கும்போது என் தோளப் புடிச்சுக்கிட்டாங்க. "நாளைக்கு சாயங்காலம் உன் வீட்டுல யாரும் சமைக்க வேணாம்னு உங்கம்மாகிட்ட சொல்லு. கறி நான் அனுப்புறேன்."